மீண்டும் கட்ட எவ்வளவு ஆகும்?

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்து நான்கு நாளாகியிருந்தது. முடிச்சூரில் மாமா வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் வாசலில் காய்ந்துகொண்டிருந்தன. பரணில் இருந்ததால் தப்பித்த ஒரு பிளாஸ்டிக் உறையை மாமா எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். “லோன் வாங்கும்போதே இன்ஷூரன்ஸும் போட்டுட்டாங்கப்பா. முப்பத்தெட்டாயிரம். லோனோடயே சேத்துட்டாங்க. இதுல என்ன வரும்னு பாத்துச் சொல்லு.”

படித்துப் பார்த்தேன். அது வீட்டின் பேரில் எடுத்த பாலிசி அல்ல, மாமாவின் உயிரின் பேரில் எடுத்தது. கடன் முடியுமுன் அவர் இறந்துபோனால் மிச்சக் கடனை அது அடைக்கும். சுவருக்கோ கட்டிலுக்கோ அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டுக் காப்பீடு பற்றிப் பேசும்போதெல்லாம் அந்த உறைதான் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது என்று நம்புகிறவர்களில் பலரிடம் இருப்பது அதே வகைக் காகிதம். கடன் காப்பீட்டையும் வீட்டுக் காப்பீட்டையும் ஒரே கோப்பில் வைத்துக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுவதால் அதற்கும் இருபது ஆண்டு வட்டி கட்டுகிறோம். வீட்டைக் காப்பீடு செய்யும்படி வங்கி கேட்கலாம். தான் காட்டும் நிறுவனத்திடமே எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்த விதியில் இடமில்லை.

அந்த வெள்ளத்தின்போது, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 சென்டிமீட்டரும் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டரும் மழை பதிவானது. எட்டு ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் முடிச்சூரும் மறுபடி நீரில் நின்றன. அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. மிக்ஜாமில் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குத் தமிழக அரசு கொடுத்த நிவாரணம் 6,000 ரூபாய். அன்றைய அரிசி பருப்புக்கு அது உதவியது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நனைந்த ஒரு வாஷிங் மெஷினின் விலைகூட அது இல்லை. வீட்டை நிமிர்த்தும் செலவு வீட்டுக்காரர் தலையில்தான் விழுகிறது.

அந்தச் செலவைக் காப்பீட்டுக்கு மாற்ற ஆண்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்டால், பெரும்பாலோர் நினைப்பதைவிட மிகக் குறைவு என்பதே பதில். நாம் தப்பான தொகையை வைத்துக் கணக்குப் போடுவதால்தான் அது பெரிதாகத் தெரிகிறது.

வேளச்சேரியில் 90 லட்சம் கொடுத்து ஒரு ஃபிளாட் வாங்குகிறவர் காப்பீடும் 90 லட்சத்துக்குத்தான் என்று எடுத்துக்கொள்கிறார். அந்த 90 லட்சத்தில் பெரும்பகுதி நிலத்தின் விலை, அதாவது அவர் பத்திரத்தில் யூடிஎஸ் என்று எழுதியிருக்கும் பிரிக்கப்படாத பங்கு. வெள்ளமோ தீயோ நிலத்தைக் கொண்டுபோவதில்லை. எனவே காப்பீட்டுக் கணக்கில் நிலத்துக்கு இடமில்லை. கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கட்டடத்தை இன்றைய கூலியிலும் சிமென்ட், கம்பி விலையிலும் மறுபடி எழுப்ப எவ்வளவு ஆகும்?

கணக்கு எளிது. கார்பெட் ஏரியாவைச் சதுர அடிக் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும். கார்பெட் ஏரியா என்பது சுவர்களுக்குள் நாம் நடமாடும் பரப்பு. பில்டர் விற்ற “சூப்பர் பில்ட்-அப்” அளவில் மாடிப்படியும் லிஃப்டும் வராந்தாவும் கலந்திருக்கும். அதை இங்கே கொண்டுவரக் கூடாது. கார்பெட் ஏரியா 1,000 சதுர அடி, கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் காப்பீட்டுத் தொகை 25 லட்சம். ஆயிரம் ரூபாய்க்கு 40 பைசா பிரீமியம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கு ஆண்டுக்கு 1,000 ரூபாய். உள்ளே இருக்கும் சாமான்களுக்கு 5 லட்சம் என்றால் இன்னும் 200. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 216. ஆக 1,416 ரூபாய். விகிதம் நிறுவனத்துக்கு நிறுவனம், ஊருக்கு ஊர் மாறும். அது இரண்டு மடங்கே ஆனாலும் மாதத்துக்கு 250 ரூபாயைத் தாண்டாது. இதே வீட்டுக் கட்டடத்தை 90 லட்சத்துக்குக் காப்பீடு செய்தால் ஜிஎஸ்டியோடு ஆண்டுக்கு 3,068 ரூபாய் கூடுதலாகப் போகும். அதற்காகக் கட்டும் செலவுக்கு மேல் ஒரு ரூபாயும் வராது.

நேரெதிர்த் தவறும் உண்டு. மிச்சக் கடன் 8 லட்சம், ஆகவே 8 லட்சத்துக்குக் காப்பீடு போதும் என்று சிலர் இருந்துவிடுகிறார்கள். 12 லட்சம் சேதம் என்றால் 8 லட்சத்தோடு கை நின்றுவிடும். பாலிசியில் வங்கியின் உரிமை எழுதப்பட்டிருந்தால் அந்த 8 லட்சத்திலும் முதல் உரிமை வங்கிக்கு.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பாலிசிகளுக்கு வரி விலக்கு வந்தது. வீட்டுக் காப்பீட்டுக்கு அந்தச் சலுகை தரவில்லை. புயல் கரை ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்டுகிடக்கும் மாநிலத்திலிருந்து பார்த்தால் இதை நியாயம் என்று சொல்ல முடியவில்லை.

விலை எப்படி முடிவாகிறது என்பதற்குக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். 2006 முடியும்வரை தீக் காப்பீட்டின் விகிதத்தை ஒரு மையக் குழு வகுத்தது; எந்த நிறுவனத்திடம் போனாலும் ஒரே விலை. 2007 ஜனவரி 1 அன்று அந்தக் கட்டு அவிழ்ந்தது. விலை நிறுவனத்தின் கையில் வந்தது. அதன்பிறகு வீட்டுக்காரருக்கு நேர்ந்த குழப்பம் விலையில் மட்டும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு பெயரில், ஒவ்வொரு விதமாய்ச் சேர்த்தும் நீக்கியும் பாலிசி விற்றது. இரண்டைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வழக்கறிஞருக்கே சிரமமாக இருந்தது.

2021 ஏப்ரல் 1 முதல் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. வீட்டுக்கான தீக் காப்பீடு விற்கும் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் எல்லாம் “பாரத் கிருஹ ரக்ஷா” என்ற ஒரே வாசகம் கொண்ட பாலிசியைக் கட்டாயம் தர வேண்டும் என்றது. வாசகம் ஒன்று, விலை மட்டும் அவரவர் இஷ்டம். ஒப்பிட நினைக்கும் ஒருவருக்கு இதைவிட வசதி வேறு இல்லை. மூன்று நிறுவனங்களிடம் ஒரே காப்பீட்டுத் தொகையைச் சொல்லி விலை கேட்டால், எது மலிவு என்று ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பெயர் தெரியாததால் பலர் இதைக் கேட்பதே இல்லை. ஏஜென்டும் தானாகச் சொல்ல மாட்டார். பிரீமியம் சிறியது, அவருக்கு வரும் கமிஷன் அதைவிடச் சிறியது.

அதில் என்னென்ன அடக்கம்? தீ, இடி, வெடிப்பு, நிலநடுக்கம், புயல், வெள்ளம், சுனாமி, நிலச்சரிவு, மண் உள்வாங்குதல், மரமோ வண்டியோ மோதுதல், கலவரம், பயங்கரவாதம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ வெடித்துப் பெருகுதல். இவற்றில் ஒன்று நடந்து ஏழு நாளுக்குள், அதன் காரணமாகவே திருட்டுப் போனால் அதுவும் சேரும். வெள்ளத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் படகில் ஏறிப் போனவர்களுக்கு இந்த வரியின் அருமை தெரியும்.

கட்டடத்தோடு சாமான்களையும் சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை, சாமான்களுக்குப் பட்டியல் கொடுக்காமலே காப்பீடு கிடைக்கிறது. அதற்கு மேல் வேண்டுமானால் பட்டியல் தர வேண்டும். இடிபாடு அகற்றும் செலவு கிளைம் தொகையில் 2 சதவீதம் வரையும், கட்டட வரைவாளர், பொறியாளர் கட்டணம் 5 சதவீதம் வரையும் தனியே தருவார்கள். வீடு குடியிருக்க முடியாமல் போனால் வேறிடத்தில் கொடுக்கும் வாடகையும் இதில் உண்டு. யாரும் கேட்டு வாங்காத பலன் இதுதான். ஒரு மாதம் உறவினர் வீட்டில் ஒண்டியிருந்தவர்களிடம் சொன்னால், “இது தெரியாமப் போச்சே” என்பார்கள்.

இந்த பாலிசியில் நான் மிக உயர்வாக மதிக்கும் அம்சம் வேறொன்று. காப்பீட்டுத் துறையில் “சராசரி விதி” என்று ஒன்று இருக்கிறது. 10 லட்சம் மதிப்புள்ள சாமான்களை 5 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருக்கிறீர்கள், சேதம் 2 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் 2 லட்சமும் வரும் என்றுதான் யாரும் நினைப்போம். அந்த விதிப்படி வருவது 1 லட்சம். பாதிக்குத்தானே காப்பீடு செய்தாய், பாதிச் சேதத்தை நீயே சுமந்துகொள் என்பது அதன் தர்க்கம். கடைக்காரர்கள் பலர் கிளைம் நேரத்தில்தான் முதன்முதலாக இதைக் கேள்விப்படுகிறார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்த விதி முழுவதும் தள்ளுபடி. தொகையைக் கொஞ்சம் குறைத்து எழுதிவிட்ட சாதாரண மனிதருக்கு இது பெரிய அரண்.

பத்து ஆண்டு வரை ஒரே தவணையில் எடுக்கலாம். ஆண்டுக்கு 10 சதவீதம் வீதம், மொத்தம் 100 சதவீதம் வரை, காப்பீட்டுத் தொகை தானாகவே உயரும். கட்டுமான விலை ஏறும் வேகத்துக்கு இது தேவை. அதே சமயம் பத்தாண்டுப் பிரீமியத்தை ஒருமிக்கக் கட்டிவிட்டு வீட்டை மூன்றாம் ஆண்டில் விற்பவரும் இருக்கிறார். 2024இல் ஆணையம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, காரணம் சொல்லாமலே பாலிசியை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து மிச்சக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம். விற்றவர்கள் இதைக் கேட்பதில்லை.

இனி, எது சேராது என்பது. நம் ஊர் வீடுகளில் தினந்தோறும் வரும் தொல்லைகளில் பாதி இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. சுவரில் ஏறும் ஓதம் சேராது. அது மெல்ல மெல்ல வரும் தேய்மானம், விபத்து அல்ல. கரையான் அரித்த நிலைக்கும் அப்படியே. வோல்டேஜ் ஏறி டிவி எரிந்தால் அந்த டிவிக்குப் பணம் வராது. அதிலிருந்து தீ பரவிக் கூடம் எரிந்தால் கூடத்துக்கு வரும். இந்த நுட்பம் புரியாமல் கிளைம் மறுக்கப்பட்டவர்கள் நிறையப் பேர். வாசலில் நிற்கும் கார், ஸ்கூட்டர் சேராது. அவற்றுக்கு அவற்றின் மோட்டார் பாலிசிதான். மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்துகிறார்களே, அவர்கள் அனுபவத்தில் கற்றவர்கள்.

பெரிய விடுபாடு திருட்டு. வெள்ளமும் தீயும் இல்லாத சாதாரண நாளில் பூட்டை உடைத்து நகையைக் கொண்டுபோனால் இந்த அடிப்படை பாலிசி உதவாது. அதற்குத் தனிக் காப்பீடோ, பல பிரிவுகள் கொண்ட “ஹவுஸ்ஹோல்டர்” பேக்கேஜோ எடுக்க வேண்டும். இங்கேதான் ஒப்பிடுவது கடினமாகிறது, ஏனென்றால் வாசகம் மறுபடி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. உடைத்து நுழைந்த அடையாளம் இருந்தால்தான் திருட்டு என்பார்களா? வேலைக்கு வருகிறவர் எடுத்துப் போனால்? பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, புதியதின் விலை தருவார்களா? ஒவ்வொரு கிளைமிலும் முதல் எத்தனை ரூபாய் நம் கையிலிருந்து? சராசரி விதி இந்தப் பிரிவில் உண்டா? வீடு எத்தனை நாள் பூட்டிக்கிடந்தால் காப்பீடு நின்றுபோகும்? மகள் வீட்டுக்கு அமெரிக்கா போய் ஆறு மாதம் தங்கிவரும் பெற்றோர் கடைசிக் கேள்வியை முதலில் கேட்க வேண்டும். 600 ரூபாய் குறைவு என்று ஒரு பேக்கேஜை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் கிளைம் நாளில் செல்லாது.

நகை விஷயத்தில் ஒரு தப்பெண்ணத்தைப் போக்க வேண்டும். வங்கி லாக்கரில் இருந்தால் வங்கி பொறுப்பு என்று நினைக்கிறோம். 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி ஆகியவற்றுக்கு லாக்கரின் ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு வரைதான் வங்கியின் பொறுப்பு. ஆண்டு வாடகை 3,000 என்றால் 3 லட்சம். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்தால் வந்த இழப்புக்கு, வங்கியின் தவறு இல்லாத பட்சத்தில், பொறுப்பே இல்லை. ஆகவே நகையை “மதிப்புமிக்க பொருள்” என்ற விருப்பப் பிரிவில், மதிப்பீட்டுச் சான்றோடு சேர்ப்பது ஒரு வழி. லாக்கரில் இருக்கும் நகைக்கும் அது செல்லுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் இதெல்லாம் வீட்டுக்காரர் பாடு என்று விலகிக்கொள்கிறார்கள். சுவர் அவருடையது, கட்டிலும் லேப்டாப்பும் பிள்ளைகளின் புத்தகமும் நம்முடையவை. சாமான்களுக்கு மட்டும் தனியே எடுக்கலாம். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு வேறு பிரச்சினை: தரைத்தளத்தில் இருக்கும் ஜெனரேட்டரும் லிஃப்ட் மோட்டாரும் மின்பெட்டியும்தான் வெள்ளத்தில் முதலில் போகின்றன, அவை யாருடைய பாலிசியிலும் இல்லை. மெயின்டனன்ஸ் பணத்தில் பொதுச் சொத்துக்கு அசோசியேஷன் ஒரு பாலிசி எடுப்பதை அடுத்த கூட்டத்தில் பேச வேண்டும்.

நம் நிலைமையின் அருமையை அமெரிக்காவோடு வைத்துப் பார்த்தால் தெரியும். அங்கே வழக்கமான வீட்டு பாலிசியில் வெள்ளம் சேராது. 1968இல் தொடங்கிய அரசின் தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் தனியாக எடுக்க வேண்டும். அதுவும் வீட்டுக் கட்டடத்துக்கு இரண்டரை லட்சம் டாலர், சாமான்களுக்கு ஒரு லட்சம் டாலர்தான் உச்சம். கலிஃபோர்னியாவில் காட்டுத்தீயும் கட்டுமானச் செலவும் சேர்ந்து, 2023 மே மாதத்தில் ஸ்டேட் ஃபார்ம் நிறுவனம் புதிய வீட்டு பாலிசி விற்பதையே நிறுத்தியது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் வீடுகள் எரிந்தபோது பலர் கையில் இருந்தது, வேறு யாரும் தராதபோது கடைசிப் புகலாகக் கிடைக்கும் “ஃபேர் பிளான்” மட்டுமே.

இங்கே வெள்ளம் அடிப்படை பாலிசியிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தரைத்தள வீட்டுக்காரரும் அதைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்க முடிகிறது. இந்த மலிவு என்றைக்கும் நிற்கும் என்று நான் நம்பவில்லை. எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதைக் காப்பீட்டு நிறுவனங்கள் வரைபடமாகவே வைத்திருக்கக்கூடிய காலம் இது. வெள்ளம் அடிக்கடி வந்தால் விலை தெருவாரியாகப் பிரியும். தாழ்வான இடத்தில் இருப்பவரே அதிகம் கொடுக்க நேரும். அவர்களில் பெரும்பாலோர் ஏரிக்கரையைத் தாங்களாகத் தேர்ந்தவர்கள் அல்ல, அங்கேதான் அவர்களால் வாங்க முடிந்தது. பிரிட்டன் 2016இல் “ஃபிளட் ரீ” என்ற கூட்டு ஏற்பாட்டைத் தொடங்கி, எல்லா வீட்டுக் காப்பீட்டு நிறுவனங்களிடமும் ஒரு தொகை வசூலித்து, வெள்ள அபாய வீடுகளின் விலையைத் தாங்குகிறது. நம் அரசும் ஆணையமும் விலை ஏறிய பிறகு யோசிக்காமல், இப்போதே யோசிக்க வேண்டிய காரியம் அது.

கிளைம் பற்றி. தண்ணீர் வடிந்தவுடன் நமக்குத் தோன்றும் முதல் வேலை கழுவித் தள்ளுவது. அதற்கு முன் அறை அறையாகப் படம் எடுங்கள், சேற்றுக்கோடு தெரியும்படி. நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லி எண் வாங்குங்கள். சர்வேயர் வரும்வரை கெட்ட பொருளைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள். பில் இல்லை என்று பயப்பட வேண்டியதில்லை. இன்று, வெயில் காயும் இந்த நாளில், அலமாரியைத் திறந்துவைத்து ஒரு சுற்று வீடியோ எடுத்து மின்னஞ்சலில் போட்டுவைத்தால் அது பெரிய சாட்சி. கிளைமை மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம்.

மாமா 2016இல் வீட்டுக்கென்று தனி பாலிசி எடுத்தார். 2023இல் தண்ணீர் மறுபடி கூடத்துக்குள் வந்தது. சர்வேயர் வந்தார், இரண்டு முறை காகிதம் கேட்டார், பணம் வந்தது. இழந்தது முழுவதும் வரவில்லை. தரையும் மின்கம்பிகளும் கடன் வாங்காமல் சரியாயின.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. வெள்ளம் வாசலுக்கு வந்தபின் எடுக்கும் பாலிசி அந்த வெள்ளத்துக்குச் செல்லாது. உங்கள் வீட்டுக் கடன் கோப்பில் இருக்கும் காகிதத்தை இன்றே எடுத்து, அது உங்கள் உயிருக்கானதா, வீட்டுக்கானதா என்று முதலில் பாருங்கள்.